கோடுகளைக் கண்டால் மூளை ஏன் அதிர்கிறது?

ஒரு குரங்கு இருட்டறையில் கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. திரை முழுக்கச் சாம்பல் நிறம். நடுவில் ஒரு சிறு புள்ளி. புள்ளியிலிருந்து பார்வையை விலக்காமல் இருந்தால் ஒரு மிடறு பழச்சாறு கிடைக்கும் என்பது அதற்குப் பழக்கமாகிவிட்டது. அதன் மூளையின் பின்கோடியில், முதன்மைப் பார்வைப் புறணி என்று அழைக்கப்படும் பகுதியில், மிக மெல்லிய மின்முனைகள் பதிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு முனையும் தன்னைச் சுற்றியுள்ள நியூரான் கூட்டத்தின் மொத்த மின்னழுத்த ஏற்ற இறக்கத்தைப் பிடித்து அனுப்புகிறது. பக்கத்து அறையில் அந்தப் பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது. சாம்பல் திரை இருக்கும்வரை அது தாறுமாறாக நெளிகிறது. ஒழுங்கு எதுவும் தென்படவில்லை.

இப்போது திரையில் கருப்பும் வெள்ளையுமாக, ஒரே சாய்வில் அடுக்கிய கோடுகள் தோன்றுகின்றன. பதிவில் முதலில் ஒரு பெரிய துள்ளல். அது அடங்கியதும், ஏறக்குறைய ஐந்தில் ஒரு விநாடிக்குள், சீரான சிற்றலை ஒன்று எழுகிறது. ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்குச் சுமார் 20 மில்லி விநாடி. அதாவது விநாடிக்கு 50 அலை. கோடுகளை எடுத்துவிட்டால் அலையும் போய்விடுகிறது. கோடுகளுக்குப் பதிலாகக் கருப்பு வெள்ளைப் புள்ளிகளை ஒழுங்கின்றித் தூவிக் காட்டினால் அலை எழுவதே அரிது. திரை முழுவதும் சிவப்பு நிறத்தைக் காட்டினால் பிரமாதமாக எழுகிறது.

திரையில் இருக்கும் கோடுகள் அசையவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. விநாடிக்கு 50 முறை மின்னும் எதுவும் வெளியே இல்லை. அசையாத ஒரு படத்தைப் பார்க்கும் மூளை, தனக்குள்ளிருந்தே ஒரு தாளத்தை எழுப்புகிறது. அந்த 50 எங்கிருந்து வந்தது? ஏன் 5 இல்லை, ஏன் 500 இல்லை? இந்த அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு கேள்விக்காகத்தான். விடை, நியூரான்கள் ஒன்றோடொன்று எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்பதில் இருக்கிறது. காமா அலை என்பது மூளையின் இணைப்புகள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதும் குறிப்பு என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

பெயர் விவகாரத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஜெர்மனியின் யேனா நகரில் மனநல மருத்துவராக இருந்த ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மண்டையின் மேலிருந்து மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்தார். 1929இல் அதை வெளியிட்டார். கண்ணை மூடியதும் எழும், விநாடிக்கு ஏறத்தாழ 10 முறை வரும் அலைக்கு ஆல்ஃபா என்று பெயர் வைத்தார். அதைவிட வேகமானவை பீட்டா. அதற்கும் மேலே 30 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை உள்ளவற்றை இன்று காமா என்கிறோம். அணுக்கருவிலிருந்து வரும் காமாக் கதிருக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இந்த அலையைப் புகழின் உச்சிக்கு ஏற்றியது 1989ஆம் ஆண்டு. பிராங்க்பர்ட்டில் மாக்ஸ் பிளாங்க் மூளை ஆய்வு நிலையத்தில் சார்லஸ் கிரே, வோல்ஃப் சிங்கர் இருவரும் பூனையின் பார்வைப் புறணியில் மின்முனை செருகி, ஒளிப்பட்டை ஒன்றை அதன் கண்முன் நகர்த்தினார்கள். நியூரான்கள் 40 ஹெர்ட்ஸுக்கு மேல் சீராகத் துடித்தன. பிறகு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு முனைகளை வைத்தார்கள். ஒரு நீளமான பட்டை இரண்டு இடங்களின் பார்வைப் பரப்பையும் கடந்து போனபோது, இரண்டு இடத்து நியூரான்களும் ஒரே கணத்தில் ஏறி ஒரே கணத்தில் இறங்கின. பட்டையை நடுவில் வெட்டி இரண்டாக்கி ஒரே திசையில் நகர்த்தினால் ஒத்திசைவு குறைந்தது. இரண்டையும் எதிரெதிராக நகர்த்தினால் ஒத்திசைவே இல்லை.

நரம்பியலாளர்கள் ஏன் துள்ளிக் குதித்தார்கள் என்பது புரிகிறது. பார்வைப் புறணியின் ஒவ்வொரு நியூரானும் காட்சியின் ஒரு துணுக்கை மட்டுமே பார்க்கிறது. டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் இருவரும் 1959 முதல் காட்டியதும், அவர்களுக்கு 1981இல் நோபல் பரிசு பெற்றுத் தந்ததும் இதுதான்: ஒவ்வொரு நியூரானுக்கும் பிடித்த ஒரு சாய்வு உண்டு, ஒரே சாய்வை விரும்பும் நியூரான்கள் புறணியின் மேல்பரப்பிலிருந்து அடிவரை ஒரு தூணாக நிற்கின்றன. அப்படியானால் துணுக்குகளை ஒட்டி முழுப்பொருளாக்குவது யார்? ஒரே பொருளைச் சேர்ந்த துணுக்குகள் ஒரே நேரத்தில் துடிப்பதால் ஒன்றாக அடையாளம் காணப்படலாம் என்று கிறிஸ்டோஃப் ஃபான் டெர் மால்ஸ்பர்க் 1981இலேயே எழுதியிருந்தார். பிராங்க்பர்ட் முடிவு அதற்குச் சான்றாகத் தோன்றியது. 1990இல் பிரான்சிஸ் கிரிக்கும் கிறிஸ்டோஃப் கோக்கும் ஒரு படி மேலே போய், இந்த 40 ஹெர்ட்ஸ் ஒத்திசைவே நனவுநிலையின் அடிப்படையாக இருக்கலாம் என்றார்கள். டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டவர் சொன்னால் உலகம் காது கொடுக்காமல் இருக்குமா?

அந்தக் கனவு இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் இயந்திரத்தைத் திறந்து பார்த்துவிட வேண்டும். அலை எதற்கு என்ற கேள்வியில் உலகம் மூழ்கியிருந்த காலத்தில், அது எப்படி உண்டாகிறது என்ற அடக்கமான கேள்வியைப் பிடித்துக்கொண்டவர்கள்தான் உறுதியான நிலத்தில் நடந்தார்கள் என்பது என் கருத்து.

புறணியில் ஐந்தில் நான்கு பங்கு நியூரான்கள் தூண்டுபவை. பெரும்பாலும் பிரமிடு வடிவம்; குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை உமிழ்ந்து அடுத்த நியூரானைத் துடிக்கத் தூண்டும். மீதி ஒரு பங்கு அடக்குபவை. இவை காபா என்ற வேதிப்பொருளை உமிழ்ந்து அடுத்த நியூரானைத் துடிக்கவிடாமல் செய்யும். எண்ணிக்கையில் சிறுபான்மையான இந்த அடக்கும் நியூரான்கள்தான் நம் கதையின் நாயகர்கள். அவற்றுள்ளும் முக்கியமானது கூடை நியூரான். அதன் கிளைகள் பிரமிடு நியூரானின் உடலைச் சுற்றிக் கூடை பின்னியதுபோல் படர்ந்திருப்பதால் அந்தப் பெயர். ஒரு நியூரானை அடக்க இதைவிடச் சிறந்த இடம் கிடையாது. கிளைகளின் நுனியில் ஆயிரக்கணக்கான இணைப்புகள் வழியே என்னென்ன செய்திகள் வந்தாலும், அவையெல்லாம் கூடும் உடல்பகுதியில் கூடை நியூரான் கையை வைத்துக்கொண்டிருக்கிறது. மேலும் அது அபார வேகக்காரன்: விநாடிக்கு நூறு முறைக்கு மேல் களைப்பின்றித் துடிக்கும். பக்கத்துக் கூடை நியூரான்களோடு நேரடி மின் இணைப்பும் வைத்திருக்கிறது. வேதிப்பொருள் உமிழ்ந்து காத்திருக்காமலே ஒன்றின் மின்னழுத்தம் இன்னொன்றுக்குக் கசிகிறது.

ஒரு சுற்றை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். கண்ணிலிருந்து வரும் செய்தி ஒரு பிரமிடு நியூரான் கூட்டத்தைத் தூண்டுகிறது. அவற்றில் சில துடிக்கின்றன. அந்தத் துடிப்பு ஓரிரு மில்லி விநாடியில் பக்கத்துக் கூடை நியூரான்களைச் சேர்கிறது. இன்னும் ஓரிரு மில்லி விநாடியில் அவையும் துடிக்கின்றன. ஒவ்வொரு கூடை நியூரானும் நூற்றுக்கணக்கான பிரமிடு நியூரான்களைத் தொட்டுக்கொண்டிருப்பதால், அக்கம்பக்கம் முழுவதும் ஒரே வீச்சில் காபாவில் நனைகிறது. சுற்றுப்புறம் அமைதியாகிறது. தூண்டுதல் நின்றதால் கூடை நியூரான்களும் ஓய்கின்றன. காபாவின் பிடி உடனே விட்டுவிடாது. அது தளர ஏறக்குறைய 10 மில்லி விநாடி ஆகும். பிடி தளரத் தளர, இன்னும் வந்துகொண்டிருக்கும் கண்ணின் செய்தி பிரமிடு நியூரான்களை மறுபடி வாசலுக்குத் தள்ளுகிறது. எல்லாவற்றின் மேலிருந்தும் பிடி ஒரே நேரத்தில் தளர்வதால், அவை ஏறத்தாழ ஒரே நேரத்தில் துடிக்கின்றன. அடுத்த சுற்று தொடங்குகிறது. கூட்டிப் பாருங்கள்: மொத்தம் 20 மில்லி விநாடிக்குப் பக்கம். விநாடிக்கு 50 சுற்று. நாம் தேடிய 50 இதுதான். எந்த ஒரு நியூரானிலும் அது எழுதப்படவில்லை. காபாவின் தளர்வு வேகமும் இணைப்புகளின் தாமதமும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன.

விடுதிக் குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திருகியவர்களுக்கு இந்தத் தாமதத்தின் வேலை தெரியும். தண்ணீர் சில்லென்று வருகிறது, வெந்நீரைக் கூட்டுகிறோம். மாற்றம் குழாய் வழியே வந்து சேரச் சில விநாடி ஆகும். அதற்குள் பொறுமையிழந்து இன்னும் கூட்டியிருப்போம். திடீரென்று கொதிநீர் கொட்டுகிறது, பதறிக் குறைக்கிறோம், அதிகமாகக் குறைத்துவிடுகிறோம். மறுபடி சில். திருத்தும் கை வலுவானதாகவும் தாமதமாகவும் இருந்தால், தண்ணீர் நிலையான சூட்டில் நிற்காது. சூடும் குளிருமாக மாறி மாறி வரும். மாறும் வேகத்தைக் குழாயின் நீளம் நிர்ணயிக்கும்.

இதைக் கணிதமாக எழுதியவர்கள் சிகாகோவில் ஹியூ வில்சனும் ஜாக் கோவனும். 1972. இரண்டே சமன்பாடுகள்: ஒன்று தூண்டும் கூட்டத்துக்கு, மற்றது அடக்கும் கூட்டத்துக்கு. தூண்டுவது தன்னையும் தூண்டி அடக்குபவரையும் தூண்டுகிறது. அடக்குவது இருவரையும் அடக்குகிறது. இணைப்புகளின் வலுவைக் குறிக்கும் நான்கு எண்களைத் தக்கபடி வைத்தால் போதும், வெளியே எந்தத் தாளமும் இல்லாமல் சமன்பாடுகள் தானாகவே அலையத் தொடங்குகின்றன. அரை நூற்றாண்டு கழித்தும் காமா அலையைப் பற்றிய ஆய்வுகள் இந்த இரண்டு சமன்பாடுகளிடமே திரும்பத் திரும்பப் போய் நிற்கின்றன.

கணிதத்தில் நடப்பது திசுவிலும் நடக்க வேண்டுமே. 1995இல் மைல்ஸ் விட்டிங்டன், ரோஜர் டிராப், ஜான் ஜெஃப்ரிஸ் மூவரும் எலி மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியிலிருந்து வெட்டிய மெல்லிய துண்டில் விரைவான தூண்டல் இணைப்புகள் அனைத்தையும் மருந்தால் அடைத்துவிட்டு, அடக்கும் நியூரான்களை மட்டும் உசுப்பினார்கள். 40 ஹெர்ட்ஸ் அளவில் தாளம் வந்தது. அடக்குபவர்கள் தங்களுக்குள்ளேயே ஒருவரையொருவர் அடக்கித் தாளம் கட்ட முடிகிறது. காபாவின் பிடியை நீட்டிக்கும் மருந்தைச் சேர்த்தால் தாளம் மந்தமாகிறது. 2009இல் இன்னும் நேரான சோதனை வந்தது. பச்சைப்பாசியிலிருந்து எடுத்த ஒளியுணர் புரதத்தின் மரபணுவை எலியின் தொடுவுணர்வுப் புறணியில் விரைவுக் கூடை நியூரான்களுக்கு மட்டும் புகுத்தி, அவற்றின் மேல் நீல ஒளியைப் பல வேகங்களில் துடிக்கவிட்டார்கள். 40 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் ஒளிர்ந்தபோதுதான் புறணி மிக வலுவாகப் பதிலளித்தது. அதே ஒளியைப் பிரமிடு நியூரான்களுக்குக் கொடுத்தபோது காமா எழவில்லை. மெதுவான அலைகளே பெருகின.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், பலர் இதில்தான் தடுமாறுகிறார்கள். அலை விநாடிக்கு 50 முறை வருகிறது என்பதால் ஒவ்வொரு பிரமிடு நியூரானும் 50 முறை துடிக்கிறது என்று பொருளில்லை. அது விநாடிக்குச் சில முறைதான் துடிக்கும். பல சுற்றுகளைத் தவறவிடும். ஆனால் துடிக்கும்போது காபாவின் பிடி தளர்ந்த சில மில்லி விநாடிக்குள் துடிக்கும். தாளம் கூட்டத்துக்குச் சொந்தம். தனி நியூரான் அதில் அவ்வப்போது கலந்துகொள்கிறது.

இதுவரை சொன்னது எந்தப் புறணிக்கும் பொருந்தும். பார்வைப் புறணிக்கு மட்டும் உரிய புதிர் கோடுகளில் இருக்கிறது. தூவிய புள்ளிகளும் நியூரான்களைத் துடிக்கவைக்கின்றன. பிறகு கோடுகளுக்கு மட்டும் ஏன் இந்தச் சிறப்பு?

பிரமிடு நியூரானின் நீண்ட நரம்பிழை புறணியின் தளத்துக்கு இணையாகப் பக்கவாட்டில் பல மில்லிமீட்டர் ஓடுகிறது. சார்லஸ் கில்பர்ட்டும் வீசலும் பூனையில் இதைத் தொடர்ந்து போய்ப் பார்த்தபோது, அது ஓடும் வழியெல்லாம் கிளைவிடவில்லை. இடைவெளி விட்டு விட்டுக் கொத்துக் கொத்தாகக் கிளைவிட்டது. கொத்துகள் விழுந்த இடங்கள் பெரும்பாலும் அதே சாய்வை விரும்பும் தூண்கள். கிடைக்கோட்டை விரும்பும் நியூரான் தூரத்தில் இருக்கும் இன்னொரு கிடைக்கோட்டு விரும்பியோடு கைகோத்துக்கொள்கிறது. திரை முழுவதும் ஒரே சாய்வில் கோடுகள் வந்தால், கைகோத்துக்கொண்டிருக்கும் இவை எல்லாம் ஒரே நேரத்தில் விழிக்கின்றன. ஒன்றுக்கொன்று தூண்டுதல் அனுப்புகின்றன. அந்தப் பக்கவாட்டுத் தூண்டுதல் பிரமிடு நியூரான்களோடு நிற்பதில்லை. அடக்கும் நியூரான்களுக்கும் ஏராளமாகப் போகிறது. சுற்று முறுக்கேறுகிறது. தூவிய புள்ளிகளில் இப்படி ஒரே குடும்பம் மொத்தமாக எழுவதில்லை.

இதை அளந்து பார்க்கவும் வழி உண்டு. கோடுகள் நிறைந்த வட்டத்தைச் சிறியதாகக் காட்டினால் காமா மெலிந்திருக்கும். வட்டத்தைப் பெரிதாக்கினால் அலை வலுக்கும், அதே நேரம் அதன் வேகம் குறையும். சாதாரணமாக நடுவிலுள்ள நியூரானின் துடிப்பு வட்டம் பெரிதாகும்போது குறைகிறது. ஏனென்றால் சுற்றுப்புறம் அதை அடக்குகிறது. துடிப்பு குறைய, தாளம் கூடுகிறது. எனக்கு இந்த முடிவு முதலில் படித்தபோது வியப்பைத் தந்தது, இன்றும் தருகிறது. வலுத்த காமா என்றால் நியூரான்கள் மும்முரமாக வேலை செய்கின்றன என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அடக்குதல் மும்முரமாக வேலை செய்கிறது.

எந்த அடக்குதல்? இங்கே கூடை நியூரானுக்கு ஒரு கூட்டாளி சேர்கிறது. சோமாடோஸ்டாடின் என்ற புரதத்தைச் சுரக்கும் அடக்கும் நியூரான்கள் பிரமிடு நியூரானின் உடலை விட்டுவிட்டு அதன் கிளைகளைப் பிடிக்கின்றன. பக்கவாட்டு இணைப்புகள் இவற்றை நன்றாகத் தூண்டுகின்றன. எனவே பெரிய படங்களுக்கு இவை சிறப்பாக விழித்துக்கொள்கின்றன. 2017இல் பெர்க்லியில் ஹில்லெல் அடெஸ்னிக்கின் ஆய்வகம், எலியின் பார்வைப் புறணியில் இவற்றை ஒளியால் ஊமையாக்கியபோது, பெரிய கோட்டுப்படம் எழுப்பும் காமா அலை வெகுவாகச் சுருங்கியது. கூடை நியூரானே எல்லாம் என்று பாடநூல்கள் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் வந்த முடிவு இது. குரங்கில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சுப்ரதிம் ரேயின் குழு 2018இல் கண்டதும் இதோடு பொருந்துகிறது. பெரிய கோட்டுப்படங்களைக் காட்டியபோது ஒன்றல்ல, இரண்டு காமா அலைகள் ஒரே நேரத்தில் எழுந்தன: ஒன்று வேகமானது, மற்றது மெதுவானது. மெதுவானதே புறணியில் அதிக தூரத்துக்கு ஒத்திசைந்து பரவியது. வேகமானதைக் கூடை நியூரான் நடத்துகிறது, மெதுவானதைச் சோமாடோஸ்டாடின் நியூரான் நடத்துகிறது என்று கருத இடம் இருக்கிறது.

தூரம் என்றதும் ஒரு சிக்கல் எழுகிறது. பக்கவாட்டு இழைகள் ஆமை வேகம்: விநாடிக்குச் சில பத்துச் சென்டிமீட்டர். விநாடிக்கு 20 சென்டிமீட்டர் என்று வைத்தால் 2 மில்லிமீட்டர் கடக்க 10 மில்லி விநாடி; அதாவது காமாவின் அரைச் சுற்று. அப்படியானால் இரண்டு இடங்களும் ஒன்று ஏற ஒன்று இறங்க வேண்டும். கிரேயும் சிங்கரும் கண்டதோ இடைவெளியே இல்லாத ஒத்திசைவு. 1996இல் டிராப் குழுவினர் ஹிப்போகாம்பஸ் துண்டுகளைக் கொண்டு ஒரு விடை கண்டார்கள். அடக்கும் நியூரான் ஒரு சுற்றில் இரண்டு முறை துடிக்கிறது. முதல் துடிப்பு பக்கத்து நியூரான்களின் தூண்டுதலால். இரண்டாவது, தூரத்திலிருந்து தாமதமாக வந்த தூண்டுதலால். இரண்டாவது துடிப்பு காபாவின் பிடியைச் சற்று நீட்டுகிறது. முந்திக்கொண்ட இடம் காத்திருக்கிறது; பிந்திய இடம் வந்து சேர்ந்துகொள்கிறது.

இனி, ஒத்திவைத்த கனவுக்கு வருவோம். துணுக்குகளை ஒட்டும் பசையா இந்த அலை? 1999இல் மைக்கேல் ஷாட்லனும் அந்தோணி மோவ்ஷனும் கடுமையான மறுப்பு எழுதினார்கள். அதைவிட என்னை அசைத்தது ஓர் எளிய அளவீடு. ரேயும் ஜான் மான்செலும் 2010இல் வெளியிட்டார்கள். கோடுகளின் கருப்பு வெளுப்பு வேறுபாடு கூடக்கூடக் காமாவின் வேகம் கூடுகிறது. நாம் ஓட்டிப் பார்த்த சுற்றிலேயே இதற்குக் காரணம் இருக்கிறது: வெளியிலிருந்து வரும் உந்துதல் வலுத்தால் பிரமிடு நியூரான் காபாவின் பிடியை முன்னதாகவே மீறிவிடும், சுற்று சுருங்கும். ஆனால் ஒரு பொருளின் ஒரு பக்கம் வெயிலிலும் மறுபக்கம் நிழலிலும் இருந்தால் என்ன ஆகும்? ஒரு பக்கத்தைப் பார்க்கும் நியூரான்கள் ஒரு வேகத்தில், மறுபக்கத்தைப் பார்ப்பவை வேறு வேகத்தில். நடுவில் தெளிவாகவும் விளிம்பில் மங்கலாகவும் உள்ள கோட்டுப்படத்தைக் காட்டியபோது, மிக அருகருகே உள்ள இடங்களில்கூடக் காமாவின் வேகம் வேறுபட்டது. ஒரே பொருள், பல தாளங்கள். பசை என்ற கருத்து இங்கே கையை விட்டு நழுவுகிறது.

அடுத்த அடி நியூயார்க்கிலிருந்து. பர்ன்ஸ், ஷிங், ஷேப்லி மூவரும் 2011இல் குரங்கின் பதிவுகளை ஆராய்ந்து, காமா கடிகாரம்போல் தொடர்ந்து தட்டுவதில்லை என்று காட்டினார்கள். சில சுற்று வலுத்து ஓடும், கலையும், வேறொரு வேகத்தில் மறுபடி திரளும். சுற்றின் அமைப்பு சில வேகங்களை மட்டும் பெருக்கிக் காட்டும் வடிகட்டியாக இருந்தாலே இத்தகைய பதிவு கிடைக்கும். சிகிச்சைக்காக மூளையின் மேற்பரப்பில் மின்முனை வைத்துக்கொண்ட வலிப்பு நோயாளிகளிடம் டோரா ஹெர்மஸ் குழுவினர் 2015இல் பார்த்ததும் கவனிக்கத்தக்கது: கோட்டுப்படங்கள் வலுவான காமாவை எழுப்பின, இயற்கைக் காட்சிப் படங்கள் பலவற்றுக்கு அது எழவே இல்லை. வீட்டையும் முகத்தையும் காமா இல்லாமலே காண முடிகிறதென்றால், காண்பதற்கு அது கட்டாயத் தேவை என்று சொல்வது கடினம்.

பாஸ்கல் ஃப்ரீஸ் போன்றவர்கள் இதை ஏற்கவில்லை. குரங்கு ஒரு பொருளைக் கவனிக்கும்போது பார்வைப் புறணியின் மேல்நிலைப் பகுதி ஒன்றில் அந்தப் பொருளைப் பார்க்கும் நியூரான்களின் காமா ஒத்திசைவு கூடுவதை அவர் 2001இல் காட்டியவர். இரண்டு மூளைப் பகுதிகள் ஒத்த தாளத்தில் இருந்தால்தான் அவற்றுக்கிடையே செய்தி நன்றாகக் கடக்கும் என்பது 2005இல் அவர் முன்வைத்த கருத்து. அதன் மேல் இன்றும் நல்ல ஆய்வுகள் நடக்கின்றன. என் சாய்வு மறுபக்கம். அலை என்ன செய்கிறது என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கலாம். அலை எதைக் காட்டுகிறது என்பதில் இரு தரப்பும் ஒன்றே சொல்கின்றன: தூண்டுதலுக்கும் அடக்குதலுக்கும் இடையிலான பேரம் எப்படி நடக்கிறது என்பதை.

அந்தப் பேரத்தை எவ்வளவு நுணுக்கமாக வாசிக்க முடியும் என்பதற்குப் பெங்களூரிலிருந்து 2022இல் வந்த ஒரு கட்டுரையைச் சொல்வேன். கிருஷ்ணகுமரனும் ரேயும் உடன் ஆய்வாளர்களும் அலையின் வேகத்தையும் வலுவையும் விட்டுவிட்டு அதன் வடிவத்தைப் பார்த்தார்கள். காமா அலை பாடநூல் வளைவுபோல் மேலும் கீழும் ஒரே மாதிரி வளைவதில்லை. ஒரு பக்கம் அகன்ற வளைவாகவும் மறுபக்கம் கூராகவும் இருக்கிறது. அந்த வடிவத்தை வில்சன், கோவன் வழிவந்த மாதிரிகளில் தேடியபோது, அடக்கும் கூட்டம் குறிப்பிட்ட ஒரு முறையில் இயங்கும்போது மட்டுமே அது கிடைத்தது: உள்ளே வரும் தூண்டுதல் இரட்டித்தால் அடக்குதல் இரட்டிப்பைவிட அதிகமாகப் பெருக வேண்டும். மின்முனை ஒரு தனி நியூரானையும் தொடாமல், ஓர் அலையின் முகடு எவ்வளவு தட்டை என்பதிலிருந்து, இணைப்புகளின் உள்குணம் ஒன்றை ஊகிக்க முடிகிறது.

மருத்துவம் இங்கேதான் ஆர்வத்தோடு எட்டிப்பார்க்கிறது. ஒளியால் வலிப்பு தூண்டப்படுபவர்களுக்குக் கோட்டுப்படங்கள் ஆபத்தானவை. தெளிவான, அகலமான, ஒரே சாய்வுக் கோடுகள் வலிப்பைத் தூண்டுவதில் முதலிடத்தில் நிற்கின்றன. காமாவை எழுப்புவதிலும் அவையே முதலிடம். சிவப்பும் அப்படியே. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போக்கிமான் தொலைக்காட்சித் தொடரில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னிய ஒரு காட்சியைப் பார்த்து 600க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அடக்குதலைக் கடைசி எல்லைவரை இழுக்கும் படங்கள், அடக்குதல் நலிந்த மூளையில் எல்லையை உடைத்துவிடுகின்றன என்று கொள்ளலாம்.

பரபரப்பான செய்தி 2016இல் வந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் லீ-ஹுவெய் சாயின் குழு, அல்சைமர் நோய்க்கான மரபணு மாற்றம் கொண்ட எலிகளுக்கு 40 ஹெர்ட்ஸில் மின்னும் ஒளியைக் காட்டியபோது பார்வைப் புறணியில் அந்நோயில் சேரும் அமிலாய்டு என்ற புரதம் குறைந்தது என்று அறிவித்தது. விளக்கு வியாபாரிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் 2023இல் நியூயார்க்கில் நரம்பியலாளர் புசாகியின் ஆய்வகம் இதை மறுபடி செய்து பார்த்தபோது அமிலாய்டு குறையவில்லை. மின்னும் ஒளி எலியின் சொந்தக் காமா அலையைத் தொடவும் இல்லை. மனிதர்களிடம் பர்மிங்ஹாம் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. கோட்டுப்படம் எழுப்பும் காமாவும் மின்னும் ஒளியின் எதிரொலியும் பார்வைப் புறணியில் அருகருகே தனித்தனியாக ஓடின. ஒன்று மற்றதை இழுத்துக்கொள்ளவில்லை. காமா அலை, சுற்றின் இணைப்புகளும் காபாவின் தளர்வும் சேர்ந்து பிறப்பது என்பதை அறிந்தவர்களுக்கு இது அதிர்ச்சி தரும் செய்தி அல்ல.

சிகிச்சையை விட்டுவிட்டு, அளவுகோலாக மட்டும் காமாவைப் பயன்படுத்தினால் என்ன? இதிலும் சறுக்கல் உண்டு. 2009இல் ஓர் ஆய்வு, பார்வைப் புறணியில் காபா அதிகமுள்ளவர்களுக்குக் காமா வேகமும் அதிகம் என்றது. 2014இல் இன்னும் அதிகம் பேரிடம் பார்த்தபோது அந்தத் தொடர்பு தென்படவில்லை. காபாவின் மொத்த அளவைக்கொண்டு ஒரு சுற்றின் வேகத்தைச் சொல்லிவிட முடியாது. அது எந்த இணைப்பில், எவ்வளவு நேரம் பிடித்திருக்கிறது என்பதே கணக்கு.

ஆனால் காமா ஆளுக்கு ஆள் வேறுபடுவதும், ஒரே ஆளிடம் நிலையாக இருப்பதும் உறுதி. ஒருகரு இரட்டையர்களின் காமா வேகம் வியக்கத்தக்க அளவு ஒத்திருப்பதை 2012இல் ஒரு டச்சு ஆய்வு காட்டியது. பெங்களூருவில் ரேயின் குழுவினர் நடுவயது தாண்டிய நகரவாசிகளுக்குத் திரையில் கோடுகளைக் காட்டி, தலையில் இ.இ.ஜி. தொப்பி மாட்டிப் பதிவு செய்தார்கள். உடல்நலத்தோடு இருப்பவர்களிடமும் வயது ஏற ஏறக் காமா மெலிந்தது. நினைவுக் குறைபாட்டின் தொடக்க நிலையில் இருந்த ஒரு சிறு குழுவிடம், ஒத்த வயதுள்ள நலமானவர்களைவிட இன்னும் மெலிந்திருந்தது. அந்த முடிவு 2021இல் வெளியானது. அடுத்து அவர்கள் செய்த வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது, பார்ப்பதற்குச் சாதாரணமாக இருந்தாலும். ஏறக்குறைய ஓராண்டு கழித்து அதே ஆட்களை மறுபடி அழைத்து, அதே கோடுகளைக் காட்டினார்கள். ஒவ்வொருவருடைய காமாவும் முன்பிருந்ததைப் போலவே இருந்தது. ஒருவரின் அலை வழக்கத்தைவிட்டு மெலியத் தொடங்கினால், அதை அவருடைய பழைய பதிவோடு ஒப்பிட்டே கண்டுபிடிக்க இனி வழி உண்டு.